எட்டுப் பெட்டி மண்

“பத்துப் பெட்டியா? மறுபடியும் அளங்கய்யா!” என்று மண்வெட்டியோடு நின்ற மேஸ்திரியைப் பார்த்துக் கத்தினார் மேற்பார்வையாளர்.

குழியில் குறையே இல்லை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். கன மீட்டர் என்றால் என்னவென்று கிளை அலுவலகங்களுக்குத் தெரிகிறதா என்று சோதிக்க, மாதிரிக்கு ஒவ்வோர் அலுவலகமும் ஒரு குழி வெட்டச் சொல்லித் தலைமை அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. மதியம் பெரிய இன்ஜினியர் வருகிறார். குழியையும் அளப்பார், தோண்டிய மண்ணையும் அளப்பார். அவர் நல்லபடியாக ஒரு வரி எழுதினால், ஒன்பது வருடமாகக் கண்ணாமூச்சி ஆடிய பதவி உயர்வு மேற்பார்வையாளர் கைக்கு வந்துவிடும்.

அளக்கும் பெட்டி எல்லாப் பக்கமும் அரை மீட்டர். “அரையும் அரையும் ஒண்ணு. அப்போ ரெண்டு பெட்டிதானே?” என்று காலையில் கேட்டவரும் இவரேதான். டைப்பிஸ்ட் அம்மா சர்க்கரைக் கட்டிகளை அடுக்கி, “கீழ நாலு, மேல நாலு, மொத்தம் எட்டு சார்” என்று புரியவைப்பதற்குள் காபி ஆறிப் போனது.

“எட்டு வரவேண்டிய இடத்துல பத்து எப்படி வந்துச்சு? அதிகமாத் தோண்டிட்டீங்களா?”

“இல்லீங்கய்யா, மண்ணுன்னா தோண்டுனதும்...”

“பேசாதீங்க! ரெண்டு பெட்டியை உள்ள கொட்டுங்க.”

கொட்டினார்கள். மண் எட்டுப் பெட்டியானது. குழியோ முக்கால் மீட்டரானது.

“மிதிங்கய்யா!” என்றவர், பொறுக்கமாட்டாமல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே குழிக்குள் இறங்கித் தை தை என்று மிதித்தார். மண் நாலு விரல் இறங்கியது. அதற்கு மேல் அசைவேனா என்றது. இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

அவரை முதலில் வெளியே தூக்கி, பிறகு மண்ணைத் தூக்கி அளந்தார்கள். பழையபடி பத்து.

மணி பன்னிரண்டு. மேற்பார்வையாளருக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் அந்த யோசனை உதித்தது.

“ரெண்டு பெட்டியை மதிலுக்கு அந்தப் பக்கம் கொட்டிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

“ஐயா, வேணாங்க. நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?”

மேஸ்திரி கூடையைத் தூக்கினார்.

இன்ஜினியர் வந்தார். அவருடைய டிரைவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். குழி ஒரு கன மீட்டர். மண் எட்டுப் பெட்டி.

“பாத்தீங்களா சார்! குழிக்கேத்த மண்ணு. ஒரு பிடி கூடல, ஒரு பிடி குறையல!” மேற்பார்வையாளருக்கு நெஞ்சு நிமிர்ந்தது, இடுப்பு வலியையும் மீறி.

இன்ஜினியர் பேனாவைத் திறந்தார். ஆனால் எழுதவில்லை. மண் குவியலையே பார்த்தபடி நின்றார்.

டிரைவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “தோண்டுன மண்ணு உப்பும்ல சார், மத்த ஆபீஸ்ல எல்லாம் ஒழுங்கா பத்துப் பெட்டி இருந்துச்சு, இங்கதான் ரெண்டு பெட்டியை வித்துட்டாங்க.”