வேர் சிகிச்சை வலிக்குமா என்பது குறித்து

பொதுத் தெளிவுரைத் துறை என்று ஒரு துறை இருந்தது. மற்ற துறைகளுக்கு ஏதாவது ஐயம் வந்தால் அதைக் கோப்பாக்கி இங்கே அனுப்புவார்கள். துறை அதை ஆழ்ந்து ஆராய்ந்து, ஒரு ஐயத்தை இரண்டாகப் பெருக்கித் திருப்பி அனுப்பும். நிர்வாகம் இப்படித்தான் பல வருடங்களாகத் தங்குதடையின்றி நடந்துவந்தது.

அங்கே பதிவு எழுத்தராக இருந்தவரை எல்லோரும் முப்பிரதி என்றே கூப்பிட்டார்கள். எதை எழுதினாலும் மூன்று பிரதி எடுப்பார். மளிகைச் சீட்டு எழுதினால்கூட ஒன்று கடைக்கு, ஒன்று மனைவிக்கு, ஒன்று கோப்புக்கு. பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவருடைய கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. மதியத்துக்குள் காது, கழுத்து, நெற்றிப்பொட்டு என்று அக்கம்பக்கத்தையெல்லாம் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. ஊழியர் மருத்துவமனையின் பல் டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“வேர்ல சீழ் கட்டியிருக்கு. ரூட் கெனால் பண்ணணும். ரெண்டு தடவை வரணும். தள்ளிப் போடாதீங்க, அப்புறம் பல்லைக் காப்பாத்த முடியாது.”

முப்பிரதி விடுப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனார். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. வலி தரும் சிகிச்சை என்றால் அரைநாள் விடுப்பு. வலி தராத சிகிச்சை என்றால் அலுவலக நேரம் முடிந்தபின் போகலாம். இரண்டில் ஒன்றை டிக் செய்யவேண்டும். முப்பிரதி இரண்டையும் காலியாக விட்டிருந்தார்.

“ஏன் டிக் பண்ணல?” என்றார் கண்காணிப்பாளர்.

“வலிக்குமான்னு எனக்குத் தெரியாது சார். இன்னும் பண்ணிக்கலையே.”

“பண்ணிக்கிட்டு வந்து டிக் பண்ணுங்க.”

“பண்ணிக்கறதுக்குத்தானே சார் விடுப்பு?”

கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருட சேவையில் அவருக்கு வந்த முதல் உண்மையான ஐயம் அது. முகத்தில் ஒரு களையே வந்துவிட்டது. “இது தெளிவுரைக்குப் போகவேண்டிய விஷயம்,” என்று ஓரத்தில் எழுதி, தெளிவுரைத் துறைக்கு அனுப்பினார். அதாவது, எட்டடி தள்ளியிருந்த முப்பிரதியின் மேசைக்கு.

“சார், என் பல்லுக்கு நானே கோப்புப் போடறது முறையா?”

“முறையில்லதான். ஆனா அந்த சீட்ல வேற ஆள் இல்லையே.”

அன்று ராத்திரி மனைவி உப்பு வெந்நீரைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள். “ஏங்க, லீவும் வேணாம் ஒண்ணும் வேணாம், சாயங்காலம் ஒரு எட்டு போய்ப் பல்லைப் பார்த்துட்டு வந்தா என்ன?”

“அப்படிப் போனா, அது வலி தராத சிகிச்சைன்னு நானே முடிவு பண்ணின மாதிரி ஆயிடும். விஷயம் பரிசீலனைல இருக்கும்மா. அது முடியற வரைக்கும் நான் வாயைத் திறக்கக்கூடாது.”

“அந்த டாக்டர்கிட்டதான் திறக்கச் சொல்றேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

மூவர் குழு அமைக்கப்பட்டது. ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் விருப்புவெறுப்பு உள்ளவர்கள் என்பதால் விலக்கப்பட்டார்கள். பல் டாக்டர்கள் அதனால் பிழைப்பவர்கள் என்பதால் அவர்களும் விலக்கப்பட்டார்கள். தலைவராக வந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி. மேலும் கீழும் முழு செட்டு கட்டிக்கொண்டவர். சொந்தப் பல் ஒன்றுகூட இல்லாததால் இதைவிட நடுநிலையான ஆள் கிடைக்கமாட்டார் என்று கோப்பிலேயே குறிப்பிடப்பட்டது. இரண்டாவது உறுப்பினர் கண்காணிப்பாளர். மூன்றாவது, ஒரு நலவாழ்வு ஆலோசகர். அந்த வருடம் எல்லா அலுவலகங்களும் ஆளுக்கொரு நலவாழ்வு ஆலோசகரை வைத்துக்கொண்டிருந்தன. போன வருடம் மீன்தொட்டி வைத்தார்கள், அது மாதிரி.

முதல் கூட்டத்தில் ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார். “வலி, வலின்னு சொல்றோமே, அது உண்மையில ஒரு கண்ணோட்டம். நீங்க பல்லோட உரையாடிப் பார்த்தீங்களா?”

முப்பிரதி கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டே குறிப்பெடுத்தார். “அதுதான் மேடம் பேசிக்கிட்டிருக்கு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நல்லது. மூச்சை இழுத்து விடுங்க.”

இழுத்தார். குளிர்காற்று பல்லில் பட்டதும் உச்சந்தலை வரை சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. ‘எழுத்தர் மனம் நெகிழ்ந்தார்’ என்று ஆலோசகர் எழுதிக்கொண்டார்.

இப்படி மூன்று வாரம் போயிற்று. கன்னம் பன் மாதிரி வீங்கியது. கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் அந்தப் பல்தான் வேண்டியிருந்தது. நான்காவது வாரம் குழு, நேரடி ஆய்வு செய்வதென்று முடிவெடுத்தது. முப்பிரதிக்குச் சிகிச்சை நடக்கும்; குழு பக்கத்தில் நின்று பார்க்கும். ஆய்வு என்பதால் அது அலுவலகப் பணியாகக் கருதப்படும், விடுப்பே தேவையில்லை. முப்பிரதிக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

டாக்டரம்மா மரத்துப்போக வைக்கும் ஊசியைப் போட்டார். பத்து நிமிடத்தில் பாதி முகம் யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதமாக ஓயாமல் குத்திக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. முப்பிரதி அந்த நாற்காலியிலேயே, குழுவினர் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். தலைவர் டார்ச் அடித்துப் பார்த்து, “ஆள் குறட்டை விடறாரே!” என்றார்.

எழுந்ததும் அவரிடம் வாக்குமூலம் கேட்டார்கள். முப்பிரதி உள்ளதை உள்ளபடி எழுதினார். ‘எனக்கு வலிக்கவே இல்லை.’ கீழே கையெழுத்து. மூன்று பிரதி.

“அடுத்த வாரம் வந்துடுங்க,” என்றார் டாக்டரம்மா. “பாதிதான் முடிஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு வேர் பாக்கி.”

குழு அறிக்கை கொடுத்துவிட்டுக் கலைந்தது. ஆணையை எழுதும் பொறுப்பு முப்பிரதிக்கே வந்தது. கண்காணிப்பாளர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். “வேர் சிகிச்சை வலி தராத சிகிச்சை என இதன்மூலம் தெளிவுறுத்தப்படுகிறது. எனவே அதற்கு விடுப்பு இல்லை.” எழுதினார். “வலியில்லாத சிகிச்சைக்கு வலி தெரியாமலிருக்க ஊசி போடுவது வீண் என்பதால், ஊழியர் மருத்துவமனையில் அந்த ஊசி உடனடியாக நிறுத்தப்படுகிறது.” எழுதிக்கொண்டிருந்த கை அங்கே நின்றது.

“சார், அந்த ஊசி போட்டதாலதான் சார் வலிக்கல!”

“உங்க வாக்குமூலத்துல ஊசின்னு ஒரு வார்த்தை இருக்கா?”

முப்பிரதி எடுத்துப் பார்த்தார். இல்லை. மூன்று பிரதியிலும் இல்லை.

“ஒரு வரி சேர்த்துக்கலாமே சார்.”

“சேர்த்து யார்கிட்ட கொடுப்பீங்க? குழுவே கலைஞ்சிருச்சே. எழுதுங்க, எழுதுங்க.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். முப்பிரதி அரசாங்கக் காகிதத்தில் வைத்துக்கொண்டார். அன்று மாலையே ஆணை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் துறையின் வரலாற்றில் அதே நாளில் போய்ச் சேர்ந்த முதல் ஆணை அது.

வெளியே இரண்டு டாக்டர்களைப் போய்ப் பார்த்தார். இன்னொருவர் பாதியில் விட்ட பல்லைத் தொடமாட்டோம் என்று இரண்டு பேரும் கைவிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் மனைவி கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து, ஊழியர் மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். முப்பிரதி உள்ளே போனார்.

“எனக்கு மட்டும் ஆசையா சார்?” என்றார் டாக்டரம்மா. “ஊசி அலமாரியையே பூட்டி சீல் வச்சிட்டுப் போயிட்டாங்க. கைப்பிடியை நல்லாப் பிடிச்சுக்குங்க.”

அடுத்த நாற்பது நிமிடத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. கைப்பிடி ஒன்று கழன்று வந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முடிந்ததும் நர்ஸ் ஒரு புதுப் படிவத்தை நீட்டினாள். ‘வலித்ததா? ஆம் / இல்லை.’ கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ‘ஆம் எனில், ஆணைக்கு முரணான தகவல் அளித்ததாகக் கருதி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.’ முப்பிரதி அதை இரண்டு தடவை படித்தார். ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது. ‘இல்லை’ என்று டிக் செய்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, பிரதி வேண்டாம் என்றார்.

வெளியே வந்தால், அடுத்த டோக்கனோடு கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார்.

“என்னய்யா, வலிச்சுதா?”

முப்பிரதி வாயிலிருந்த பஞ்சை ஒதுக்கிக்கொண்டார். படிவம் இன்னும் நர்ஸ் கையில்தான் இருந்தது. மேலதிகாரி வேறு. போதாததற்கு, மனசுக்குள் எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது.

“சேச்சே. ஒண்ணுமே தெரியல சார். தைரியமாப் போங்க.”

கண்காணிப்பாளர் தைரியமாகப் போனார். எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் முப்பிரதி பெஞ்சிலேயே சாய்ந்துகொண்டார். உள்ளேயிருந்து வந்த சத்தத்துக்கு நர்ஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். முக்கால் மணி கழித்துக் கண்காணிப்பாளர் வெளியே வந்தார். சட்டை நனைந்திருந்தது, கண் சிவந்திருந்தது. படிவத்தை வாங்கினார், படித்தார், டிக் செய்தார். வரிசையில் அடுத்ததாக இருந்த அலுவலக டிரைவர் எழுந்து பயந்துகொண்டே கேட்டார்.

“எப்படி சார்?”

“பூ மாதிரி,” என்றார் கண்காணிப்பாளர். “போ, போ.”

அவரும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி முப்பிரதியின் பக்கம் நகர்ந்து, மெதுவாகச் சொன்னாள். “எனக்கும் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் குத்திக்கிட்டே இருக்குங்க. பயத்துல சொல்லல. டாக்டரம்மா முன்னாடியே பார்த்து இதேதான் பண்ணணும்னாங்க. நீங்களும் சாரும் இவ்வளவு சொல்றீங்களே, நானும் இன்னைக்கே முடிச்சுக்கட்டுமா? நிஜமாவே வலிக்கலதானே?”

முப்பிரதி வாயைத் திறந்தார். கண்காணிப்பாளர் அவரைப் பார்த்தார். நர்ஸ் படிவத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

முப்பிரதி எழுந்துபோய், மனைவிக்கு ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தார்.