செம்போத்து ஏர்வேஸும் தங்க இறகுச் சாரையும்

ஒரு காட்டில், சரியாகப் பறக்க வராத ஒரு விமான நிறுவனம் இருந்தது. நடத்தியவள் செங்கண்ணி என்கிற செம்போத்து. செம்போத்து பறப்பதைப் பார்த்திருப்பீர்களே, பறக்கிறதா விழுகிறதா என்று அதற்கே தெரியாது. தாமரைக் குட்டையிலிருந்து ஆலமரம் வரை தம் கட்டிப் பறப்பாள். அதற்கு மேல் மூச்சு வாங்கும். பயணிகள் எல்லாம் தவளைகள். கட்டணம், ஆளுக்கு மூன்று வெட்டுக்கிளி. தவளை தின்கிற பழக்கத்தைத் தொழில் தொடங்கிய அன்றே விட்டுவிட்டாள். காலையில் வெறும் வயிற்றில் மட்டும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

அந்தக் கோடையில் குட்டை வற்றத் தொடங்கியது. தவளைகள் ஏரிக்குப் போயாக வேண்டும்.

"ஆலமரத்துக்கு அப்புறம்?" என்று கேட்டன.

"அப்புறம் நடந்துக்கணும்."

"இந்த வெயில்லயா? போம்மா, வேலையைப் பாரு."

ஒரு வாரமாக ஒருவரும் ஏறவில்லை. கூட்டில் மூன்று குஞ்சுகள். திறந்த வாயை மூடுவதில்லை.

டிக்கெட் கிழிக்கும் அணில் பூவாலன், வாலைச் சீவிக்கொண்டே சொன்னான்: "அக்கா, பேசாம பருந்துப் பேரவையில சேர்ந்துடுங்க. பெரிய இறக்கை எல்லாம் அங்கதான் இருக்கு. ஒரே டிக்கெட்ல உலகத்தையே சுத்தலாம்."

எழுதிப் போட்டார்கள். பேரவை சார்பில் ஒரு நாமக்கோழி வந்து இறங்கியது. பிறக்கும்போதே நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு வருகிற பறவை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். பசித்த குஞ்சுகள் இருக்கும் வீட்டில் யார் சுதாரிக்கிறார்கள்?

எண்பத்துநாலு பக்க விண்ணப்பம், மூன்று நகல். "வாலில் பேரவை நிறம் அடிக்கணும். வெளியாட்களோடு தனி ஒப்பந்தம் கூடாது. தங்க இறகு உறுப்பினர்களுக்குக் குளுகுளு ஓய்வறை வேணும். அங்கே எல்லாம் இலவசம்" என்றது நாமக்கோழி.

"சரிங்க. ஆலமரத்திலிருந்து ஏரிக்கு இணைப்புப் பறவை எப்போ வரும்?"

"முதல்ல ஓய்வறையைக் கட்டுங்க."

கட்டினாள். வாயில் களிமண் சுமந்து சுமந்து அலகு தேய்ந்தது. பேரவையின் பெயரைக் கேட்டு ஒன்பது தவளைகள் வந்து ஓய்வறை நிழலில் உட்கார்ந்தன. பிறகு முதல் தங்க இறகு உறுப்பினர் வந்தார். சாரைப்பாம்பு. பருந்தின் நகத்தில் ஏழு முறை பறந்து, ஏழு முறையும் நழுவி விழுந்து பிழைத்தவர். அத்தனை தூரம் சேர்ந்ததால் தங்க இறகு கொடுத்திருந்தார்கள்.

"ஓய்வறை எந்தப் பக்கம்?" என்றார்.

விதி விதிதான். பூவாலன் கதவைத் திறந்துவிட்டான்.

புறப்பாடு அறிவித்தபோது ஓய்வறையில் சாரை மட்டும் இருந்தார். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுக்கப் போயிருந்த பூவாலன் பாதி வாலோடு ஓடி வந்தான்.

செங்கண்ணி புகார் அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: "விதி 61-இன்படி ஓய்வறையில் சிற்றுண்டி இலவசம். ஒன்பது உருப்படிகளே இருந்தன என்று உறுப்பினர் வருத்தம் தெரிவித்துள்ளார். உடனே சரிசெய்யவும்."

செங்கண்ணி ஓவென்று அழுதாள். அழுது முடித்து, எண்பத்துநாலு பக்கத்தையும் கிழித்துக் குஞ்சுகளுக்கு மெத்தை போட்டாள். ஓய்வறையின் வாசலைக் களிமண்ணால் பூசி அடைத்தாள். சாரை உள்ளே இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ஆலமரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்த எருமையிடம் போனாள். "அண்ணே, தினமும் ஏரிக்குத்தானே போறீங்க? முதுகு சும்மாதானே கிடக்கு?"

"ஆமா. உண்ணியைப் பொறுக்கி விடுவியா?"

"விடறேன்."

"அப்ப நீ கொண்டு வா, நான் கொண்டு போறேன்."

ஒப்பந்தம் அவ்வளவுதான். கையெழுத்துகூடக் கிடையாது. "உங்களை நம்பித்தான் அண்ணே என் பிழைப்பே" என்றாள். எருமைக்குக் கண் கலங்கிவிட்டது.

குட்டையில் மிச்சமிருந்த தவளைகளுக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை. குட்டையில் தண்ணீரும் இல்லை. ஏறிக்கொண்டன. சாயங்காலம் ஏரியிலிருந்து அவை போட்ட சத்தம் ஆலமரம் வரை கேட்டது. வெட்டுக்கிளி வந்து குவிந்தது.

அடுத்த வாரம், எருமையோடு பேச்சுவார்த்தை இல்லாத கழுதையிடம் கால்வாய் மார்க்கத்துக்குப் பேசி முடித்தாள். "உங்களை நம்பித்தான் என் பிழைப்பே." கழுதை வெட்கப்பட்டது.

ஒரு மத்தியானம் பேரவையின் தலைவர் பருந்தே இறங்கினார். செங்கண்ணி குஞ்சுகளை இறக்கையால் மூடிக்கொண்டு நின்றாள். ஆனால் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "ஆலமரத்துக்கு மேலே மலை வரைக்கும் நான் கூட்டிப் போறேன். நமக்குள்ள இருக்கட்டும். பேரவைக்குத் தெரிய வேண்டாம்."

"உங்களை நம்பித்தாங்க என் பிழைப்பே" என்றாள் செங்கண்ணி.

பருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பறந்தார். பூவாலன் அரை வாலை ஆட்டினான். "அக்கா, இதையேதான் எருமைகிட்டயும் கழுதைகிட்டயும் சொன்னீங்க!"

"மூணும் நிஜம்தான்டா. வெட்டுக்கிளியை எடுத்து வை, குஞ்சுங்க முழிச்சிடுச்சு."

நீதி: "நாமெல்லாம் ஒன்று" என்று கூட்டத்தில் சேர்ந்து சொன்னால் சிற்றுண்டி ஆவாய். "உங்களை நம்பித்தான்" என்று ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகச் சொன்னால் பிழைத்துக்கொள்வாய்.