சத்தம் போடக்கூடாத நாள்

பச்சைக் குழந்தையைக் கையில் வாங்கிய மறுநொடியே தப்புப் பண்ணிவிட்டோம் என்று ராஜமாணிக்கத்துக்குத் தெரிந்துவிட்டது. அது வாயைத் திறந்து, விருத்தாசலம் ஜங்ஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதது.

"பானுமதி! எங்கம்மா போயிட்ட?" என்று கிசுகிசுத்தார்.

பீங்கான் கம்பெனியில் கப்புகளுக்குப் பூ வரைகிற பானுமதி பிரசவ லீவில் இருந்தாள். முப்பத்திரண்டு நாள் மகளைக் காட்ட வந்தவள், "ஆபீஸ்ல ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துர்றேன் சார். இங்க எல்லார் கையிலயும் களிமண்ணு. சுத்தமா இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்" என்று நீட்டிவிட்டு மாயமாகிவிட்டாள்.

வேறு நாளாக இருந்தால் ராஜமாணிக்கம் போடுகிற ஒரு அதட்டலில் ஓடி வந்திருப்பாள். சூப்பர்வைசர் சத்தம் போட்டால் சூளைக்கே குளிர் எடுக்கும் என்பார்கள். ஆனால் அன்று காலைதான் முதலாளி பழமலைநாதன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருந்தார்.

"உங்க வாய்க்குப் பயந்து இந்த வருசம் நாலு பேரு வேலைய வுட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கு உங்க சத்தம் என் காதுல வுழுந்துச்சுன்னா, நாளையிலருந்து குடோனுக்குப் போயிடுங்க. அங்க அட்டைப் பெட்டிங்கதான் இருக்குது. ஆசை தீரத் திட்டுங்க."

இருபத்திரண்டு வருட சூப்பர்வைசர் அட்டைப் பெட்டிக்குக் காவலா? ராஜமாணிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"செல்லம்... தங்கம்..."

அந்த வார்த்தைகள் அவர் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தன. சொந்தப் பிள்ளைகள் இரண்டையுமே அவை நடக்க ஆரம்பித்த பிறகுதான் தொட்டுப் பார்த்தவர். குழந்தை இன்னும் ஒரு கட்டை ஏற்றி அழுதது.

தாலாட்டு ஒன்றும் தெரியாததால் "ம்ம்ம்" என்று முனகிப் பார்த்தார். அது அழுகைக்குச் சுருதி போட்ட மாதிரி அமைந்தது. ஃபேனுக்குக் கீழே கொண்டுபோனார். காற்று முகத்தில் அடித்ததும் முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. சுட்ட கப்பு ஒன்றை எடுத்து ஸ்பூனால் டிங் டிங் என்று தட்டினார். குழந்தை மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரு கணம் ஊமையாகி, பிறகு வட்டியோடு சேர்த்து வீறிட்டது.

பலகை நிறையப் பச்சைக் கப்புகளைச் சுமந்து வந்த வெற்றிவேலுக்கு மனசு கேட்கவில்லை. "நான் வெளையாட்டுக் காட்டுறேன் சார்" என்று கழுத்தை ஆட்டி, நாக்கை நீட்டினான். பலகையும் ஆடியது. சூளையைப் பார்க்காத முப்பது கப்புகளும் தரையில் பொத்தென்று விழுந்து களிமண்ணாயின.

"அறிவு இருக்குதாடா ஒனக்கு!" காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ராஜமாணிக்கத்துக்குப் பீறிட்டது. "கண்ணு முகத்துல இருக்குதா, முதுகுல இருக்குதா?"

சட்டென்று குழந்தை அழுகையை நிறுத்தி, ஈரக் கண்ணால் அவரையே பார்த்தது.

பயந்துவிட்டதோ என்று பதறி, "இல்லடா கண்ணு" என்று குழைந்தார். குழந்தையின் உதடு பிதுங்கியது. அழுகை மறுபடி கிளம்பியது.

"சார், குழையாதீங்க!" என்று கத்தினாள் கைப்பிடி ஒட்டுகிற பூங்கோதை. "திட்டுங்க!"

"யாரத் திட்டுறது?"

"என்னத் திட்டுங்க சார். நேத்து நான் பத்து நிமிசம் லேட்டு."

"லேட்டா? பஸ்ஸு ஒனக்காக நிக்கணுமா, மகாராணி!"

குழந்தை கொட்டாவி விட்டது.

அவ்வளவுதான். சாதாரணமாக அவரைக் கண்டால் ஒளிகிறவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். "சார், நான் அச்சைக் கழுவாம வெச்சிட்டேன்." "சார், நான் வேலை நேரத்துல போன் பாத்தேன்." "ஒண்ணும் பண்ணல சார், சும்மா திட்டுங்க!" ராஜமாணிக்கம் ஆளுக்கு ஒரு ரகமாக வாரி வழங்கினார். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கண் சொருகியது. இத்தனை வருடத்தில் அவர் பேச்சை யாரும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அந்த மயக்கத்தில் குரல் இன்னும் கணீரென்று ஏறியது.

"ராஜமாணிக்கம்!"

வாசலில் பழமலைநாதன் நின்றிருந்தார்.

"காலையில என்னா சொன்னேன்? அதுவும் கைக்குழந்தைய வெச்சிக்கிட்டு! போதும். சாவியக் குடுத்துட்டுக் குடோனுக்குக் கெளம்புங்க."

ராஜமாணிக்கம் வாயடைத்துப்போனார். அவர் வாயடைத்ததும் குழந்தை வாயைத் திறந்தது. ஓவென்ற அழுகையில் கூரைத் தகடு அதிர்ந்தது.

அச்சுகள் அடுக்கிய ராக்குக்குப் பின்னாலிருந்து கையில் செல்போனோடு பானுமதி ஓடி வந்தாள்.

"ஐயோ, அவர நிறுத்தச் சொல்லாதீங்க முதலாளி! கையெழுத்துமில்ல, ஒண்ணுமில்ல, வயித்துல இருந்தப்ப தெனமும் சாரு திட்டுனதக் கேட்டே தூங்கிப் பழகுனவ, வூட்டுல நாங்க எவ்ளோ கொஞ்சுனாலும் கண்ண மூட மாட்டேங்குறா. இன்னும் ஒரு பத்து நிமிசம் திட்டச் சொல்லுங்க, ரெக்கார்டு பண்ணிக்கிட்டுப் போயிடுறேன்!"