கேமரா மிஷினும் அடச்சோ அண்ணனும்

வாடிக்கையாளர்களை வேலை செய்யவிடாமல் தடுப்பதற்கென்றே கடை திறந்து உட்கார்ந்திருந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், ஒரு மாடிப்படிக்கு அடியில் பிரௌசிங் சென்டர் நடத்திய அடச்சோ அண்ணன்.

சொந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. நாகர்கோவில் பக்கத்துக்காரர். எந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சம் திணறினாலும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று மலையாளத்தில் "அடச்சோ?" என்பார். மூடினாயா என்று அர்த்தம். பாட்டோ, சாட்டோ, சீட்டாட்டமோ, ஒன்றைத் திறந்தால் இன்னொன்றை மூடிவிட வேண்டும். மூடாதவனை அவரே எழுப்பி அனுப்பிவிடுவார்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்தக் காலத்து மிஷின்களில் மெமரி ரொம்பக் கொஞ்சம். "சின்ன மேசை, நெறய சாமான். எடம் பத்தாட்டி என்ன செய்யும்? ஒண்ணைத் தூக்கிப் பரண்ல வைக்கும், வேணுங்கும்போது எறக்கும். ஹார்ட் டிஸ்க்தான் பரண். அது ஏணியில ஏறி எறங்குத நேரத்துல நீ மௌஸைப் போட்டுத் தட்டுனா எப்படி?" என்பார். பெட்டிக்குள் கறகறவென்று சத்தம் கேட்டால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு வக்கீல் பொறுமையிழந்து தட்டோ தட்டென்று தட்ட, மிஷின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அத்தனை தட்டுக்கும் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டே போனது. அண்ணன் அவரை நாற்காலியோடு இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டார்.

"நான் வக்கீலாக்கும்!"

"கோர்ட்டுல எல்லாக் கேஸையும் ஒரே நேரத்துல வாதாடுவீங்களா சாரே?"

சொந்த வாழ்க்கையிலும் இதே சட்டம்தான். டீ குடிக்கும்போது பேச்சுக் கொடுத்தால் கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் பதில் வரும். படியேறும்போது கூப்பிட்டால், ஒரு காலை மேல்படியில் வைத்தபடியே நின்று பேசி முடித்துவிட்டுத்தான் அடுத்த காலை எடுப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் அங்கே உட்கார்ந்து, தாள்களில் கிறுக்கி வைத்திருந்த ஒரு கட்டுரையைப் பத்திரிகைக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். வலியசாலையிலிருந்து ராஜி என்ற பெண் கைக்குழந்தையோடு வந்தாள். கூடவே அவள் அப்பா, ஓய்வு பெற்ற ஆபீஸ் சூப்பரண்டு. ராஜியின் கணவன் வளைகுடாவில் வேலை பார்த்தான். பிள்ளையை அவன் இன்னும் பார்த்ததில்லை. மறுநாள் பாலைவனத்துக்குள் ஏதோ சைட்டுக்குப் போகிறானாம். அங்கே நெட் கிடையாது, திரும்ப மாதக்கணக்காகும். அதனால் அன்றைக்குக் கடைசியாக அரைமணி நேரம் தன் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருந்தான்.

கடையில் கேமரா உள்ள மிஷின் ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை முகம் தெரிந்தது. உடனே வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது. பெட்டி கறகற என்றது.

"எந்தாடி இது, இவன் வாயைத் தொறந்துண்டு அப்படியே நிக்கறான்? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று அப்பா பதறி, மௌஸைத் தட்டித் தீர்த்துவிட்டார்.

"சாமீ, கையை எடுங்க!"

அண்ணன் திறந்திருந்ததையெல்லாம் மூடினார். அப்புறமும் முகம் அசையவில்லை. "இனி அடைக்கதுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, பில் போடும் தன் கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்து, உள்ளேயிருந்த மெமரிப் பட்டையைப் பிடுங்கினார். அடுத்து என்னைப் பார்த்தார்.

"சாரே, சேவ் பண்ணுங்க."

"எதுக்கு?"

"பண்ணுங்க."

பண்ணினேன். என் மிஷினும் இருண்டது; அதன் பட்டையும் அவர் கைக்குப் போனது. "என் கட்டுரை?" என்று கத்தினேன்.

"கட்டுரை நாளைக்கும் எழுதலாம். அவன் நாளைக்கு வரமாட்டான்."

பட்டைகளை மாட்டுவதற்குக் கேமரா மிஷினையும் நிறுத்தினார். ராஜி அழுதேவிட்டாள். "ஐயோ, நாங்க போயிட்டோம்னு நெனச்சு அவர் எழுந்து போயிடுவார்ண்ணா!"

"போமாட்டான். பிள்ளையைப் பாக்காம எப்படிப் போவான்?"

மிஷின் மறுபடி உயிர் பெறுவதற்குள் எனக்கே வியர்த்துவிட்டது. மாப்பிள்ளை போகவில்லை. முகம் வந்தது, அசைந்தது, சிரித்தது. மிச்சமிருந்தது சில நிமிஷம்தான். குழந்தையோ தூங்கிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது முகத்தைச் சுளித்து, ஒரு கொட்டாவி விட்டது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை, எங்கும் நிற்காமல், முழுசாகப் பார்த்துவிட்டான்.

"ராஜி, கொட்டாவி விடறான்டி!" என்று கத்தினான். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களும் வந்து பாருங்கோண்ணா" என்று ராஜி கூப்பிட்டாள்.

"நீ பேசு மக்கா. நான் இதைக் கேக்கணும்" என்றார் அண்ணன். மறுபடி கறகற வருகிறதா என்று கேட்பதற்காக ஃபேனையும் நிறுத்திவிட்டு, திறந்த பெட்டியில் காதை வைத்துக் குனிந்திருந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. நாலு வார்த்தை நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் எழுந்து போனேன். போனவன், கையிலிருந்த கட்டுரைத் தாள்களால் அவருக்கு மெல்ல விசிறிக்கொண்டே நின்றேன்.