பத்து நிமிடப் பலகை

சின்ன மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நான் நலம். உன் அக்காவும் பார்வைக்கு நலமாகத்தான் தெரிகிறாள். என்னோடு பேசுவதில்லை என்பதால் கேட்டு எழுத முடியவில்லை.

இருபது வருடம் கேளிக்கைப் பூங்காவில் வேலை பார்த்துவிட்டு எங்கள் குடியிருப்புக்குக் குடிவந்து, மூன்றாம் மாதமே சங்கச் செயலாளராகி, பத்தடிக்குள் யார் வந்தாலும் சிரித்து வணக்கம் சொல்ல வேண்டும், கீழே கிடப்பதைக் கண்டவர் எடுக்க வேண்டும் என்று நீ பூங்காச் சட்டம் போட்டபோது எனக்கு எரிந்தது. அந்தப் பதவிக்கு நான் ஆறு வருடமாகக் காத்திருந்தது வேறு விஷயம். லிஃப்ட் பக்கத்தில் ‘காத்திருக்கும் நேரம் பத்து நிமிடம்’ என்று பலகை மாட்டினாயே, அதைக் கடிகாரத்தோடு நின்று பதினோரு நாள் சோதித்தேன். ஒரு நாளும் நான்கு நிமிடத்தைத் தாண்டவில்லை. கூட்டத்தில் எழுந்து, பொய்ப் பலகை என்றேன். “பத்துன்னு சொல்லி நாலுல வந்தா மனுசன் சந்தோசமா ஏறுவான் அத்தான். பூங்காவுல அப்படித்தான்,” என்றாய். “இது வீடு, ராட்டினம் இல்ல. என் மூஞ்சி என் சொந்தச் சொத்து, சிரிக்கறதும் சிரிக்காததும் என் இஷ்டம்,” என்று சொல்லி, வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கி உன்னைப் பதவியிலிருந்து இறக்கினேன். நீ வீட்டையே காலி செய்வாய் என்று நினைக்கவில்லை.

இப்போது பலகை இல்லை. லிஃப்ட் அதே நான்கு நிமிடம்தான். ஆனால் எல்லோரும் பொத்தானைக் குத்து குத்தென்று குத்துகிறார்கள். நேற்று என் பை கிழிந்து கீழ்த்தளமெங்கும் வெங்காயம் உருண்டது. முன்பென்றால் ஆறு கை நீண்டிருக்கும். மூன்றாம் மாடிப் பல் மருத்துவர் ஒன்றைக்கூட மிதிக்காமல், மிகுந்த நிதானத்தோடு தாண்டிப் போனார். உனக்கெதிராக முதல் கையெழுத்து அவருடையது. காவலாளி மட்டும் குனிந்து பொறுக்கினார். “சட்டம்தான் போச்சே, ஏங்க எடுக்கறீங்க?” என்றேன். “பழகிடுச்சு சார். அப்பல்லாம் எனக்குக்கூட நாப்பது பேர் வணக்கம் சொன்னாங்க. சட்டத்துக்காகச் சொன்னாங்களோ என்னவோ, காதுல விழுந்துச்சில்ல,” என்றார். இதை வீட்டில் வந்து சொன்னேன். ஒரு மாதத்துக்குப் பிறகு உன் அக்கா வாய் திறந்தாள்: “உங்க சொத்தை நீங்களே பத்திரமா வச்சுக்கோங்க.”

பலகை சொன்னது பொய் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. உன்னைப் போகவிட்டது தப்பு. அவசரம் ஒன்றுமில்லை, மனம் ஆறி, ஒரு வருடம் கழித்து வந்தால்கூடப் போதும். அதுவரை உனக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள் தபாலிலேயே வந்துகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: மேலே ஒரு வருடம் என்று எழுதியது உன் பலகைக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமையே வா. லிஃப்ட் வாசலில் நிற்பேன். பத்தடிக்குள் வந்ததும் என் மூஞ்சியைப் பார்.