யமுனையில் நான் மூழ்கிய ஆழம்

கணவர் பக்கத்தில் இருக்கும்போது அவர் சொல்வது எதுவும் என் காதில் ஏறியதில்லை. அவர் ரயிலேறிய மறுநாள் அத்தனையும் ஞாபகத்துக்கு வந்துவிடும். ஒன்று விடாமல் கடைப்பிடிக்க ஆரம்பித்துவிடுவேன். ராணுவக்காரர்களின் மனைவிகளில் பாதிப் பேர் இப்படித்தான் என்று நினைக்கிறேன். மீதிப் பேர் புத்திசாலிகள்.

என் கணவர் சேகர் ராணுவத்தில் சிக்னல் பிரிவு. மாமனார் அந்தக் காலத்தில் மத்திய அரசு குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்து, ஜனக்புரியில் வீடு வாங்கி, இங்கேயே தங்கிவிட்டவர். அதனால் சேகரும் அவர் தங்கை சுதாவும் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நான் கரூரிலிருந்து வந்து சேர்ந்தவள்.

சேகருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, மீன் பிடிப்பது. டெல்லியில் மீன் பிடிப்பதா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நானும் கேட்டேன். ஊருக்குள் ஓடும் யமுனையைப் பார்த்தவர்கள் மூக்கைப் பிடிப்பார்களே தவிர மீன் பிடிக்க மாட்டார்கள். ஆனால் வடக்கே, ஆறு டெல்லிக்குள் நுழைகிற இடத்தில் பல்லா என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே அது இன்னும் ஆறாகவே இருக்கிறது. விடுமுறை கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போவார்.

மீன் கிடைத்ததோ இல்லையோ, எச்சரிக்கைகள் நிறையக் கிடைத்தன. கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. தனியாக வரவே கூடாது. மிதவை ஜாக்கெட் போடாமல் கரையோரம் போகக் கூடாது. கழுத்தில் விசில் இருக்க வேண்டும். காலை வைக்கும் முன் கம்பால் குத்திப் பார்க்க வேண்டும். நான் கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே, "இத்தனை பயத்துக்கு மார்க்கெட்ல வாங்கிக்கலாமுங்க" என்பேன். அவர் சிரிப்பார். அவர் சிரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பிறகு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆவதுபோல இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டு, திடீரென்று வெடிக்கும்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் அவருக்கு லடாக்கில் போஸ்டிங் வந்தது. குடும்பத்தை அழைத்துப் போக முடியாத இடம். எங்கோ மலைமேல் ஒரு முகாம். பத்து நாளைக்கு ஒரு தடவை கீழே இறங்கும்போதுதான் போன் பேச முடியும், அதுவும் பாதியில் அறுந்துவிடும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், குளிரா, பரவாயில்லை. இவ்வளவுதான் பேச்சு. எட்டு மாதத்தில் அவர் சிரிப்பதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மேலே என்ன நடக்கிறது என்றால் "எல்லாம் ஓகே" என்பார். அந்த ஓகேயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவர் சட்டையை இஸ்திரி போட்டு மடித்து, மறுபடி கலைத்து, மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன் (மாமனார் ஒரு நாள் அயர்ன் பாக்ஸை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்).

எங்கள் கல்யாண நாள் வந்தது. அவருடைய தூண்டிலில், அவர் நிற்கும் இடத்திலேயே நின்று, ஒரு மீன் பிடித்துப் போட்டோ அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த தடவை அவர் கீழே இறங்கி போனைத் திறந்ததும் அது கண்ணில் பட வேண்டும். சுதாவிடம் சொன்னேன். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். தமிழை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்வாள், சாப்பாடு எல்லாம் ஹிந்திதான். "அச்சா, நான் வர்றேன் அண்ணி. வீடியோ எடுக்கலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். அவர் சொன்ன எதையும் விடவில்லை. கோதுமை மாவில் பெருங்காயம் கலந்து இரை உருட்டியாயிற்று (மீனுக்கு ரச வாசனை பிடிக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு). விசில், கம்பு, ஒரு கொடிக்கயிறு எல்லாம் எடுத்தாயிற்று. மிதவை ஜாக்கெட் மட்டும் பைக்குள் அடங்கவில்லை. அதனால் அதைச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு சுதாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். அது ஆறடி ஆளுக்கு வாங்கியது, நான் ஐந்தடி. ஆரஞ்சு நிறத்தில் கேஸ் சிலிண்டர் ஒன்று ஸ்கூட்டரில் போவதுபோல இருந்திருக்கும். பீராகடி சிக்னலில் ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "பாட் ஆ கயீ க்யா?" என்று ரொம்பக் கவலையாகக் கேட்டார். வெள்ளம் வந்துவிட்டதா என்று. சுதா இல்லை என்று சொல்லிவிட்டு, பல்லா போய்ச் சேரும்வரை என்னுடன் பேசவில்லை.

குளிர் முடிந்த சமயம். ஆறு இறங்கி, நடுவில் மணல்திட்டுகள் தெரிந்தன. கரையோரம் வெள்ளரித் தோட்டத்தில் நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சேகர் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் போனேன். கொடிக்கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பில் கட்டி மறுமுனையைச் சுதாவிடம் கொடுத்தேன். எனக்கு ஏதாவது ஆனால் இழு, எதற்காகவும் நிறுத்தாதே என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் போனை ஒரு பையின்மேல் சாய்த்து வீடியோவை ஓடவிட்டுவிட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் எப்படி இவ்வளவு நேரம் பேசாமல் நின்றார் என்று அப்போதுதான் புரிந்தது. தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனசு வேறெங்கோ போய்வந்துவிடுகிறது. நான் மலைக்குப் போய்விட்டு வந்தேன்.

திடீரென்று தக்கை முங்கியது. நூல் விறைத்தது. நான் இழுத்தேன், அது அசையவில்லை. பெரிய மீன் என்று முடிவுகட்டி ஓர் அடி முன்னால் வைத்தேன், இன்னும் ஓர் அடி. கணுக்கால் கணக்கு மறந்துபோயிற்று. கம்பு கரையிலேயே கிடந்தது. மூன்றாவது அடியில் சேறு வழுக்கி மல்லாக்க விழுந்தேன்.

ஜாக்கெட் தன் கடமையைச் செய்தது. என்னை விட்டுவிட்டுத் தான் மட்டும் மேலே மிதந்து என் முகத்தை மூடியது. உலகம் முழுக்க ஆரஞ்சு நிறம். மூக்கில் தண்ணீர். கழுத்திலிருந்த விசிலைப் பல்லுக்கிடையில் கவ்வி ஊதினேன், மூச்சு விட்டபோதெல்லாம் அது தானாகவும் ஊதிக்கொண்டது. கரையில் சுதா, நான் சொன்னபடியே கயிற்றை இழுத்தாள். நான் காலை மடக்கி எழப் பார்க்கும்போதெல்லாம் அவள் இழுப்பாள், நான் மறுபடி மல்லாந்துவிடுவேன். நான் விசிலடிக்க அடிக்க அவளுக்குப் பயம் கூடியது. பயம் கூடக் கூட இன்னும் வேகமாக இழுத்தாள்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நினைத்தேன். யாராவது அவருக்குப் போன் செய்து சொல்வார்கள், அந்த அழைப்பும் பாதியில் அறுந்துவிடும் என்று நினைத்தேன்.

தோட்டத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஹரி என்கிற படகுக்காரர் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார். வந்தவர் தண்ணீரில் குதிக்கவில்லை. சுதாவின் கையிலிருந்த கயிற்றை விடச் சொன்னார். என் முகத்திலிருந்த ஜாக்கெட்டைக் கீழே இழுத்துவிட்டார். பிறகு மிகுந்த மரியாதையுடன் சொன்னார்:

"மேடம்ஜி, கடீ ஹோ ஜாயியே."

எழுந்து நில்லுங்கள் என்றார். நின்றேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

கரையே சிரித்தது. ஒரு பெரியவர் வெள்ளரிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தார். நூலை இழுத்துப் பார்த்தால், யாரோ பூஜை முடிந்து ஆற்றில் விட்ட சிவப்புத் துப்பட்டா. நானும் சிரிக்க முயற்சி செய்தேன், பல் தந்தியடித்ததில் அது வேறு மாதிரி வந்தது.

ஹரி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த துடுப்பை, நான் விழுந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளித் தண்ணீரில் செங்குத்தாக விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. கைப்பிடிவரை முங்கியும் தரை தட்டவில்லை. மணல் அள்ளிய குழி. இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் நிற்கச் சொல்ல ஆளிருந்தும் பயனில்லை. சுதா என் கையைப் பிடித்தாள். வீடு வரும்வரை விடவில்லை (அவள்தான் ஸ்கூட்டர் ஓட்டினாள் என்பதால் இது ஆற்றைவிட ஆபத்தான பயணம்).

குழியைப் பற்றி அண்ணனிடம் மூச்சு விடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். வீடியோவைப் பற்றிச் சத்தியம் வாங்க மறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டாள்.

நாலு நாள் கழித்து அவர் போன் வந்தது. எடுத்தேன். எதிர்முனையில் ஒன்றும் கேட்கவில்லை. லைன் கிடைக்கவில்லை என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். அப்புறம் இரண்டு மூன்று இழுப்பு. பிறகு வெடித்தது. பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் சிரிப்பது கேட்டது, கூடக் கீழே இறங்கி வந்தவர்களுக்கெல்லாம் படம் காட்டியிருக்கிறார். எனக்கு மானம் போன கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, லைன் அறுந்துபோகும்வரை அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் அந்தக் கதைதான். அவர் மறுபடி சொல் என்பார். நான் கொஞ்சம் சேர்ப்பேன். முழங்கால் தண்ணீர் தொடைக்கு ஏறியது, இடுப்புக்கு வந்தது. ஒரு மாதத்தில் முதலை வந்துவிட்டது. முதலைக்கும் பெருங்காயம் பிடித்திருந்தது. எப்படியாவது அந்த ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆக வேண்டும், அவ்வளவுதான்.

லீவில் வந்ததும் ஆற்றுக்குப் போனோம். ஹரி அவரைத் தனியே கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டினார். திரும்பி வந்தவர் தூண்டிலைப் பிரிக்கவே இல்லை. கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதை மட்டும் ஏன் சொல்லலை?"

"நீங்க அங்கிருந்து எல்லாம் ஓகேன்னுதானுங்க சொன்னீங்க."

அவர் பேச ஆரம்பித்தார். ஜனவரியில் பனி சரிந்த ஒரு நாளைப் பற்றி, கயிற்றில் முன்னால் போனவனைப் பற்றி, அவனை வெளியே எடுக்க எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பற்றி. அவன் பிழைத்துக்கொண்டான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நாங்கள் மீன் பிடிக்கவில்லை.

இப்போது அவர் மறுபடியும் எல்லையில். வேறு மலை. போன் வந்தால் சாப்பிட்டியா என்று கேட்பதில்லை. "இன்னைக்குத் தண்ணி எவ்வளவு?" என்கிறார். கணுக்கால் என்றால் நாள் நன்றாகப் போயிற்று என்று அர்த்தம். இடுப்பு என்றால் கொஞ்சம் சிரமம். நானும் திருப்பிக் கேட்பேன், அவரும் அளவு சொல்வார். மாமனார்கூட டாக்டரிடம் போய்வந்தால் முழங்கால் என்றோ தொடை என்றோதான் சொல்கிறார்.

போன வாரம் கேட்டபோது, "கணுக்கால்தானுங்க" என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது என்று நினைத்தேன். சமையலறையிலிருந்து சுதா வந்து போனைப் பிடுங்கினாள்.

"ஜூட் போல் ரஹீ ஹைன், அண்ணா, பச்சைப் பொய். கழுத்து வரைக்கும் வந்தாச்சு. ஜல்தி வா."