மாமனார் பல்லும் மெத்தென்ற கறியும்

பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் அந்தச் சனிக்கிழமை காலை படுத்திருந்தது ஒரு கிலோ பன்றிக்கறி.

தோள்பட்டைத் துண்டு. உப்பும் மிளகும் நசுக்கிய பூண்டும் பூசி, கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஒரு நோயாளியைச் சாய்ப்பது போலவே அதைப் பதமாகச் சாய்த்து வைத்திருந்தார் டாக்டர். தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. பையின் வாய்க்குள், எச்சில் உறிஞ்சும் மெஷினின் குழாய் செருகியிருந்தது.

"சிஸ்டர், பை வாயை நல்லா இறுக்கிப் பிடிங்க. உள்ள பொட்டுக் காத்து இருக்கக் கூடாது."

நர்ஸ் பிடித்தார். பதினெட்டு வருஷமாக இதே கிளினிக்கில் இருப்பவர். "இவ்வளவு அமைதியான பேஷண்ட்டை நான் பார்த்ததே இல்ல டாக்டர்."

"குழாய் புதுசுதானே?"

"இப்பதான் கவரைப் பிரிச்சேன். அதுக்கு ஒரு நோயும் தொத்தாது."

டாக்டர் பெடலை மிதித்தார். பை சுருங்கிச் சுருங்கிக் கறியோடு ஒட்டிக்கொண்டது. டாக்டரின் முகம் மலர்ந்த அதே நொடியில், களக் என்று ஒரு சத்தம். மிளகும் பூண்டும் கலந்த சாறு குழாயில் விறுவிறுவென்று ஏறியது. மெஷின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"மூடுங்க, மூடுங்க!"

கருவிகளைப் பொட்டலம் போடும் ஹீட் சீலரை எடுத்து நர்ஸ் பை வாயை ஒட்டினார். கறி காப்பாற்றப்பட்டது. அறை முழுக்கப் பூண்டு மணந்தது.

அப்போதுதான் இருவரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். வீங்கிய கன்னத்தைக் கையில் ஏந்தியபடி தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். பார்வை நாற்காலியில் இருந்தது.

"டாக்டர்... அது யாரோடது?"

பதற்றத்தில் டாக்டருக்கு உண்மைதான் வாயில் வந்தது. "தோள்பட்டை."

"அடுத்தது நீங்கதான், உள்ள வாங்க," என்றார் நர்ஸ், தினமும் சொல்கிற அதே குரலில்.

"வலி போயிடுச்சு சிஸ்டர்," என்று சொல்லிக்கொண்டே தபால்காரர் பின்பக்கமாகவே படியிறங்கிவிட்டார். இனி அவர் எந்தெந்தத் தெருவுக்குக் கடிதம் கொண்டுபோவாரோ, அந்தத் தெருவுக்கெல்லாம் இந்தச் சேதியும் போகும்.

டாக்டர் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் மாமனாரால் வந்தது.

மாமனார் நாற்பது வருஷம் பன்றிக்கறிக் கடை நடத்தி ஓய்ந்தவர். கத்தி பிடித்த கை ஓய்ந்தாலும் கறி தின்கிற ஆசை ஓயவில்லை. ஆனால் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. மாப்பிள்ளை ஆசையாசையாக ஒரு பல் செட்டு செய்து மாட்டிவிட்டார். வாயைத் திறந்து பார்த்தாலொழிய, இருப்பதே தெரியாத மாதிரி அவ்வளவு நேர்த்தி.

மூன்று தடவை அதை ராவிக் கொடுத்தாயிற்று. மாமனாரின் புகார் மட்டும் தேயவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க கட்டின பல்லு கறியைக் கடிக்கல. கறிதான் பல்லைக் கடிக்குது."

இதை வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. தினமும் காலையில் கூட நடக்கிற கூட்டாளிகளிடமும் சொல்லிவிட்டார். அவர்களில் இரண்டு பேர் பல் கட்ட நாள் குறித்திருந்தவர்கள். ஒருவர் ஊருக்குப் போவதாகச் சொன்னார். இன்னொருவர் பல்லே வேண்டாம், கஞ்சி போதும் என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் சாப்பிட வருகிறார். அன்றைக்கு அவர் வாயாலேயே அந்தப் பல்லுக்கு நல்ல பேர் வாங்கிவிடுவது என்று டாக்டர் முடிவு கட்டியிருந்தார்.

மெழுகை இளக்குவதற்காகக் கிளினிக்கில் ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. எந்தச் சூட்டில் வைத்தாலும் மணிக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே நிற்கும். அதை மூன்று தடவை தேய்த்துக் கழுவி, கறிப் பையோடு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மனைவி கணக்கு டீச்சர். விடைத்தாள் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"என்னங்க இது?"

"சூ வீட்."

"யாரு வீட்ல?"

"யாரு வீட்லயும் இல்ல. சமையல் முறையோட பேரே அதுதான். காத்தை எடுத்துட்டுப் பைக்குள்ள வச்சு, கொதிக்காத வெந்நீர்ல மெதுவா வேகவைக்கிறது. அறுபத்திரண்டு டிகிரி. இருபத்திநாலு மணி நேரம்."

"குக்கர்ல அரை மணி. அப்போ நாற்பத்தெட்டு மடங்கு." மனைவி சிவப்புப் பேனாவை மூடினாள். "எதுக்கு?"

"குக்கர்ல விட்டா நார் நாராப் போயிடும். போய்ச் செட்டுக்கு அடியில மாட்டிக்கும். குழைய வச்சுக் குடுத்தா, 'இதுக்குப் பல்லு எதுக்கு, கரண்டி போதுமே'ன்னு உங்கப்பா சொல்லுவார். பாக்கிறதுக்கு முழுத் துண்டா இருக்கணும். கடிச்சா பஞ்சு மாதிரி இறங்கணும். கடிச்சது என் பல்லுன்னு அவர் நம்பணும்."

"அப்பாவை ஏமாத்தப் போறீங்க."

"உங்கப்பாவுக்கு நல்ல சாப்பாடு போடப் போறேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, என்னவோ பண்ணுங்க. என் அடுப்பைத் தொடாம பண்ணுங்க."

அடுப்பை அவர் தொடவில்லை. தொட்டது வேறு. சமையலறையில் இருந்த ஒரே பெரிய பிளக்கில் தொட்டியைச் செருகினார். தண்ணீர் சூடேறியது. கறியை இறக்கினார். மிதந்தது. அமுக்கினார். மறுபடி மிதந்தது. காற்று கொஞ்சம் மிச்சமிருந்தது போலும். கனமாக ஏதாவது வேண்டும் என்று தேடியபோது, ராவிப் பார்ப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்த கருவிப் பையில் கைக்கு அடக்கமாக ஒன்று அகப்பட்டது. அதை வைத்து அமுக்கி, மூடியைப் போட்டுவிட்டு, நிம்மதியாகக் குளிக்கப் போனார்.

பாதிக் குளியலில் மனைவியின் அலறல் கேட்டது. துண்டோடு ஓடிவந்தார்.

மனைவி மூடியைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொட்டிக்குள் ஒரு தாடை கறியைக் கவ்விக்கொண்டிருந்தது.

"பயப்படாத. உங்கப்பாதான்."

"என்னது!"

"அவரோட அச்சு. பிளாஸ்டர் மாவுல எடுத்த தாடை அச்சு. கனமா இருந்துச்சுன்னு மேல வச்சேன்."

"எங்கப்பா நாளைக்குத்தான் சாப்பிட வர்றார். இன்னிக்கே ஆரம்பிச்சுட்டாரா?"

அச்சு மெல்லக் கரையத் தொடங்கி, தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. தாடையை எடுத்தெறிந்து, தண்ணீரை மாற்றி, கறிக்கு இன்னொரு பை போட்டு, இடிகல்லை வைத்து அமுக்கினார்கள். அதன்பிறகு கறி சமர்த்தாகக் கிடந்தது.

ஞாயிறு காலை டாக்டர் சமையலறைக்குள் காலை வைத்ததும் சளக் என்றது. தரையெல்லாம் தண்ணீர். அந்த ஒரே பெரிய பிளக் ஃப்ரிட்ஜுடையது என்பது அப்போதுதான் அவர் புத்திக்கு எட்டியது. உள்ளே பால் திரிந்திருந்தது. ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் பாயசம் இருந்தது.

"நாலு லிட்டர் பால்," என்றாள் மனைவி, குரலை உயர்த்தாமல். அவள் கத்தினால்கூடத் தேவலை என்று டாக்டருக்குத் தோன்றியது.

"இதோ, ஒரே நிமிஷம்." நீட்டிப்பு ஒயர் ஒன்றைக் கொண்டுவந்து, தொட்டியையும் ஃப்ரிட்ஜையும் சேர்த்து அதில் மாட்டினார். சுவிட்சைத் தட்டினார். வீடு மொத்தமும் அணைந்தது.

ஃபியூஸைப் போட்டு, தொட்டியை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய் டி.வி. பிளக்கில் செருகுவதற்குள் சூடு ஐம்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. கெட்டிலில் வெந்நீர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். காய்ச்சல் பிள்ளையின் பக்கத்தில் உட்காருகிற மாதிரி தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். "ஐம்பத்தொம்பது... அறுபது... அறுபத்தொண்ணு..."

அறுபத்திரண்டைத் தொட்டபோது அவர் விட்ட பெருமூச்சைக் கேட்டு மனைவி ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பால் இல்லாத காபி. இருந்தாலும் கொடுத்தாளே என்று சந்தோஷமாகக் குடித்தார்.

பன்னிரண்டரை மணிக்குப் பையைப் பிரித்தார்கள். கறி சாம்பல் நிறத்தில், தண்ணீரில் ஊறிய பழைய சோப்பு மாதிரி இருந்தது.

மனைவி உற்றுப் பார்த்தாள். "இதை நீங்க சாப்பாடாப் போட வேண்டாம். இதுக்கு ஆறுதல் சொல்லுங்க."

"மேல மட்டும் சிவக்கணும். அதிக சூட்டுல, சட்டுனு." டாக்டர் தன் பைக்குள்ளிருந்து உலோகம் உருக்கும் கேஸ் டார்ச்சை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கிளினிக்ல இன்னும் என்ன பாக்கி இருக்கு? நர்ஸ் மட்டுமா?"

நீலத் தழல் சீறியது. கொழுப்பு பொரிந்து, மேல்தோல் பொன்னிறமாகி, வீடே மணத்தது. கூடவே புகையும் எழுந்தது. ஜன்னலைத் திறக்கலாமென்று திரும்பிய டாக்டர், கையில் டார்ச் இருப்பதை மறந்துவிட்டார். திரைச்சீலையின் ஓரம் சிவந்து, சுருண்டது. மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை வீசினாள். பாதி திரைமேலும் பாதி டாக்டர்மேலும் விழுந்தது. நல்லவேளை, கறிமேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

வாசலில் வாடகைக் கார் வந்து நின்று போன சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மாமனாரின் குரல்தான் கேட்டது.

"மாப்பிள்ளை, வெல்டிங் பட்டறை எப்ப திறந்தீங்க?"

ஒரு மணிக்கு வருகிறவர் கால் மணி முன்னாலேயே வந்துவிட்டார். டாக்டர் ஈரச் சட்டையோடு கண்ணாடியைக் கழற்றினார்.

"வாங்க மாமா. செட்டு போட்டிருக்கீங்கல்ல?"

"போடாம வருவேனா? கிளம்பறப்பவே மாட்டிட்டேன். இல்லேன்னா நீங்க முகத்தைத் தூக்கி வச்சுக்குவீங்க."

மேஜையில் கறியை வைத்து டாக்டர் வெட்டினார். கத்தி வெண்ணெயில் போவது போலப் போனது. ஆனால் துண்டு துண்டாக, ஓரம் கலையாமல் நின்றது. மாமனார் நாற்பது வருஷக் கண்ணால் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தோள்பட்டை. நல்ல கை வெட்டினது. உள்ள இளஞ்சிவப்பா இருக்கே?"

"பச்சை இல்ல மாமா. ஒரு நாள் முழுக்க வெந்தது. தைரியமாக் கடிங்க."

மாமனார் வாயில் போட்டார். தாடை ஒரு தடவை அசைந்தது. இன்னொரு தடவை அசைந்தது. நின்றது. டாக்டருக்கு மூச்சும் நின்றது.

மாமனார் அடுத்த துண்டை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். ஏழாவது துண்டில் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்த டாக்டருக்கு, பூண்டு தின்ற மெஷினும், கரைந்த தாடையும், திரிந்த பாலும், கருகிய திரையும் எங்கோ யாருக்கோ நடந்தவை போல இருந்தன. மனைவிகூட ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "நாற்பத்தெட்டு மடங்கு தப்பில்ல," என்று முணுமுணுத்தாள்.

"மாப்பிள்ளை." மாமனார் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "கறி இருக்கட்டும். கறி நான் பாக்காததா? பல்லைச் சொல்றேன். இடிக்கல, ஆடல, உறுத்தல. வாயில போட்டிருக்கிறதே தெரியல! என் சொந்தப் பல்லுகூட இப்படி இருந்ததில்ல. நான் பேசினதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

"கடைசியா ராவினதுல சரியாயிடுச்சு மாமா," என்றார் டாக்டர் அடக்கமாக.

மாமனார் அங்கேயே உட்கார்ந்து நடைக் கூட்டாளிகளுக்குப் போன் போட்டார். "ஊருக்கும் போக வேண்டாம், கஞ்சியும் குடிக்க வேண்டாம். நாளைக்கே ரெண்டு பேரும் வந்து மாப்பிள்ளைகிட்ட வாயைத் திறங்க. ஏழு துண்டு, முழுசு முழுசா, இதே பல்லால கடிச்சுத் தின்னிருக்கேன்!"

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்து, பரவாயில்லையே என்று தலையாட்டினாள். அவருக்கு இருபது வருஷத் தொழிலில் அப்படியொரு நிறைவு வந்ததில்லை.

அழைப்பு மணி அடித்தது. டாக்டரே எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். வாடகைக் கார் டிரைவர் கைக்குட்டையில் எதையோ பொத்தி நீட்டியபடி, மேல்மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, பெரியவர் ஈறு வலிக்குதுன்னு வண்டியில ஏறினதுமே பல்லைக் கழட்டிப் பின்சீட்டுல வச்சவரு, அப்படியே மறந்து இறங்கிட்டாரு, பாவம், பல்லில்லாம எப்படிச் சாப்பிடுவாருன்னு பாதி வழியில திரும்பி ஓடியாந்தேன்!"